பாதிக் காசுமாலையோடு வந்த பல்லவன்

சென்ற மார்கழியில் ஓர் இரவு, சென்னையிலிருந்து வரும் அத்தை மகனை அழைத்துவரக் காரைக்குடி சந்திப்புக்குப் போயிருந்தேன். பத்து மணியை ஒட்டி நடைமேடைக்குள் நுழைந்த பல்லவன் எக்ஸ்பிரஸின் நடுப்பகுதியில் நான்கு பெட்டிகள் மட்டும் அரக்கும் பொன்னுமாக மின்னிக்கொண்டு வந்தன. ஒரு நகைக்கடையின் விளம்பரத்தைப் பெட்டி முழுவதும் ஒட்டியிருந்தார்கள். மணக்கோலத்தில் ஒரு பெண். அவள் கழுத்திலிருந்து சரிந்து இறங்கும் காசுமாலை. அந்த மாலையின் ஒவ்வொரு காசும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாகி, சன்னல்களுக்குக் கீழே வரிசையாக ஓடியது. பெட்டியின் ஓரத்துக்கு வந்ததும் மாலை பாதியில் நின்றது. அடுத்த பெட்டியில் மறுபாதி தொடங்கும் என்று பார்த்தால், படம் ஏதும் இல்லாத வெறும் பெட்டி ஒன்று வந்தது. அதற்கடுத்த பெட்டியில் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. அதற்கும் பின்னால்தான் மாலையின் மறுபாதி வந்து சேர்ந்தது. அத்தை மகன் இறங்கி வந்து என் தோளைத் தட்டும்வரை நான் அந்த இரண்டு பாதிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விளம்பரம் ஒட்டிய ரயில்களை நான் கவனிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால், ஒட்டப்பட்ட படம் எந்த இடத்தில் உடைகிறது, ஏன் உடைகிறது என்பதுதான் அவற்றில் படிக்கத் தகுந்த செய்தி என்று எனக்குப் புரிந்தது அந்த இரவில்தான். அதை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

பல்லவனைத் தொடர்ந்து கவனிப்பதற்கு முதலில் அதன் நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1984இல் திருச்சிக்கும் சென்னைக்கும் இடையே தொடங்கப்பட்டு, 2013இல் காரைக்குடிவரை நீட்டிக்கப்பட்ட இந்த ரயிலும், 1977 முதல் மதுரைக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் வைகையும் தமக்குள் பெட்டித்தொடர்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ரேக் என்று ரயில்காரர்கள் சொல்லும் அந்தத் தொடர், விடியற்காலையில் காரைக்குடியிலிருந்து பல்லவனாகக் கிளம்பி நண்பகலில் சென்னை எழும்பூரை அடைகிறது. அங்கிருந்து பிற்பகலில் வைகையாக மதுரைக்குப் போகிறது. மறுநாள் காலையில் மதுரையிலிருந்து வைகையாகவே சென்னைக்குத் திரும்பி, மாலையில் மீண்டும் பல்லவனாகி நம் ஊருக்கு வருகிறது. ஆகவே, ஒரு ரேக்கை இன்று இரவு காரைக்குடியில் பார்த்தால், அதே ரேக்கை மறுபடி இங்கே பார்ப்பதற்கு ஒரு நாள் விட்டு மறுநாள் இரவுவரை காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட இரவில் அது மதுரையில் நிற்கும். இது தெரியாமல் தொடர்ந்து இரண்டு நாள் நடைமேடைக்குப் போய், "நேற்று பார்த்த படத்தைக் கிழித்துவிட்டார்கள் போலும்" என்று எண்ணித் திரும்பியவர்களை நான் அறிவேன். ஆரம்ப நாட்களில் நானும் அப்படி எண்ணியிருக்கிறேன்.

ரேக் மாறாமல் சுற்றினாலும் அதற்குள் இருக்கும் பெட்டிகள் மாறாமல் இருப்பதில்லை. ஒரு பெட்டியில் சக்கரமோ பிரேக்கோ பழுதானால் அதைக் கழற்றிவிட்டு வேறொரு பெட்டியைச் சேர்ப்பார்கள். குறித்த காலம் வந்ததும் முழுப் பராமரிப்புக்காகப் பணிமனைக்கு அனுப்புவார்கள். திரும்பி வரும் பெட்டி பழைய இடத்திலேயே கோக்கப்படும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அது வேறு ரேக்குக்கே போய்விடவும் கூடும். நான்கு பெட்டிகளை ஒரே சுவராக எண்ணி ஓவியர் வரைந்த மாலை அப்படித்தான் அறுபடுகிறது. அந்த இரவில் நான் கண்ட வெறும் பெட்டி, பழுதான ஏதோ ஒரு பெட்டிக்குப் பதிலாக அவசரமாக இடையில் வந்து சேர்ந்ததாகவே இருக்க வேண்டும். பயணிக்கு இருக்கை எண் சரியாக இருந்தால் போதும். ஆனால் வெளியே நின்று பார்ப்பவருக்கு, அந்த ரேக் கடந்த சில மாதங்களில் என்னென்ன பாடுபட்டது என்பதை அந்த அறுந்த மாலையே சொல்லிவிடுகிறது.

பல்லவன் நம் ஊருக்கு இரவில் வந்து, விடிவதற்குள் போய்விடுவதால், அதன் நிறங்களைக் காரைக்குடியில் நின்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வழியில்லை. நடைமேடை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் அரக்கும் சிவப்பும் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் தை மாதத்தில் ஒரு நாள், அந்த ரேக் கிளம்பும் காலையைக் கணக்கிட்டு, அதிலேயே ஏறித் திருச்சிவரை போனேன். கோட்டையூரும் செட்டிநாடும் திருமயமும் இருட்டிலேயே கடந்தன. புதுக்கோட்டையைத் தாண்டிய பிறகுதான் கிழக்கு வெளுத்தது. திருச்சியில் இறங்கி, ரயில் நின்ற சில நிமிடங்களுக்குள் நான்கு பெட்டிகளின் ஓரமாகவும் நடந்து பார்த்தேன். இரவில் ஒரே சீராகத் தெரிந்த அரக்கு நிறம், பகலில் பெட்டிக்குப் பெட்டி வேறாக இருந்தது. ஒன்றில் அது இன்னும் கல்யாணப் பட்டின் நிறமாகவே இருந்தது; மற்றொன்றில் வெளிறி, நீலம் பாரித்த சாம்பலாகிவிட்டிருந்தது.

இதற்கான காரணத்தை எங்கள் ஊரில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் விளக்கினார். பேருந்துகளுக்கும் வேன்களுக்கும் விளம்பரம் ஒட்டி முப்பது ஆண்டு அனுபவம் கொண்டவர். அச்சு மையில் மஞ்சளும், மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பும்தான் வெயிலுக்கு முதலில் பலியாகும், நீலமும் கறுப்பும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும் என்றார். "செவப்பு செத்துப்போனா அப்புறம் எல்லாம் நீலமாத்தான் தெரியும், தம்பி" என்று அவர் சொன்னது என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. ஆகவே ஒரே நாளில் ஒட்டிய பெட்டிகளில் ஒன்று மட்டும் நிறம் குன்றாமல் இருந்தால், அது நெடுநாள் ஏதோ ஒரு கூரைக்கடியில் நின்றிருக்க வேண்டும், அல்லது அதன் படம் பின்னர் புதிதாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஒட்டும் வேலையைப் பற்றி அவர் சொன்னவையெல்லாம் எனக்குப் புதியவை. படத்தை அச்சடித்து ஒட்டும் வினைல் என்ற பிளாஸ்டிக் தாளின் சுருள் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து அடி அகலத்தில்தான் வரும். இருபத்து மூன்று மீட்டருக்கும் மேல் நீளமுள்ள, எல்.எச்.பி. எனப்படும் புதுவகைப் பெட்டியின் ஒரு பக்கத்தை மூடுவதற்கே நான்கடித் துண்டுகள் இருபதுக்குக் குறையாமல் வேண்டும். முதலில் பெட்டியின் உடலை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு துண்டையும் மேலிருந்து கீழாக இறக்கி, ஃபெல்ட் துணி சுற்றிய தகட்டால் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே ஒட்ட வேண்டும். விளிம்பும் வளைவும் வரும் இடங்களில் ஹீட் கன்னால் சூடு காட்டி இழுத்துப் படியவைக்க வேண்டும். ஒரு துண்டின் ஓரம் அடுத்த துண்டின் மேல் சற்றே ஏறியிருக்கும். பேருந்தில் அந்த ஏற்றத்தை எப்போதும் பின்பக்கம் பார்த்து அமைப்பார்களாம். அப்போது எதிர்க்காற்று விளிம்பைத் தூக்காமல் அதன்மேல் வழுக்கிப் போகும். ரயில் பெட்டியோ இரண்டு திசையிலும் ஓடுவது. போகும்போது காற்று படியவைத்த விளிம்பை வரும்போது அதே காற்று கிளப்பிவிடும். ரயில் விளம்பரங்களில் கிழிசல் ஏன் எப்போதும் செங்குத்தான கோடுகளில் தொடங்குகிறது என்று பல நாள் யோசித்திருந்த எனக்கு, அந்த ஒரு வாக்கியத்தில் விடை கிடைத்தது.

ஓவியரின் திறமை தெரியும் இடம் ஒன்று உண்டு. பெட்டியின் எண், வகுப்பு, பராமரிப்புத் தேதி, அவசரச் சன்னலின் அடையாளம் ஆகியவை மறையக் கூடாது. குளிர்சாதன வசதி இல்லாத பெட்டிகளில் சன்னல்கள் கம்பி போட்டுத் திறந்திருப்பதால் அவற்றின் மேல் எதையும் ஒட்ட முடியாது. எனவே சன்னலுக்குக் கீழே உள்ள பட்டை, மேலே உள்ள குறுகிய பட்டை, இரண்டு சன்னல்களுக்கு இடைப்பட்ட துண்டுகள் ஆகிய மூன்றுக்குள்தான் படம் அடங்க வேண்டும். காசுமாலையைக் கீழ்ப்பட்டையில் ஓடவிட்டவர் அந்த இட நெருக்கடியை நன்றாகப் புரிந்துகொண்டவர். மணப்பெண்ணின் முகம் இரண்டு சன்னல்களுக்கு நடுவே முழுதாக வந்திருந்தது. முகத்தின் குறுக்கே சன்னல் விழுந்து, கண் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவர் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருக்கும் விளம்பரங்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இந்த ஆர்வம் வந்ததற்கு அப்பத்தா வீடுதான் காரணம் என்று நினைக்கிறேன். கானாடுகாத்தானுக்கு அருகே உள்ள அந்த வீட்டின் இரண்டாங்கட்டில், நெல் கொட்டும் அறைக் கதவுக்கு மேலே, ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த பொருள்களோடு இரண்டு இனாமல் விளம்பரப் பலகைகள் மாட்டப்பட்டிருந்தன. ஒன்று தீப்பெட்டிக்கு, மற்றொன்று சோப்புக்கு. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி வெப்பத்தில் சுட்டு உருக்கிய நிறம் அது. ஐயா காலத்துக்குப் பின்னும் அதன் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் இருந்த மீட்டர் கேஜ் காலத்து நடைமேடைகளிலும் அத்தகைய பலகைகளே இருந்தன என்றும், அவற்றைப் படித்துப் படித்தே தமக்கு ஆங்கில எழுத்துகள் பழகின என்றும் அப்பத்தா சொல்வார். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929இலும், அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு 1930இலும் பாதை திறக்கப்பட்ட பிறகு, விளம்பரம் நடைமேடையில் அசையாமல் நின்றது, ரயில் அதைக் கடந்து போனது. இப்போது நடைமேடையில் நாம் அசையாமல் நிற்கிறோம், விளம்பரம் நம்மைக் கடந்து போகிறது. முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்றும் அந்த இனாமல் பலகைகள் விலைக்கு வருகின்றன. ரயிலிலிருந்து உரித்த வினைலை யாரும் எடுத்து வைப்பதில்லை. உரிக்கும்போதே அது சுருண்டு கிழிந்துவிடும். அதனால்தான் அது ஓடும் காலத்திலேயே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

வெளிப்புறம் முழுவதும் படம் போர்த்திய ரயில்கள் இந்நாட்டில் வணிக விளம்பரத்துக்காக மட்டும் ஓடவில்லை. 2007 அக்டோபரில் தொடங்கிய அறிவியல் கண்காட்சி ரயிலும், அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காகக் கிளம்பிய செஞ்சுருள் ரயிலும் பெட்டிக்குப் பெட்டி படங்களோடு நாடு முழுவதும் சுற்றின. பயணக் கட்டணம் அல்லாத வழிகளில் வருவாய் தேடும் கொள்கையை 2017 ஜனவரியில் ரயில்வே அமைச்சகம் வெளியிட்டபோது, முழு ரயிலையும் விளம்பரத்துக்குக் கொடுப்பதும் அதில் ஒன்றாக இடம்பெற்றது. தனியார் நடத்தும் பாரத் கௌரவ் சுற்றுலா ரயில்களில் முதலாவது 2022 ஜூன் 14 அன்று கோவையிலிருந்து ஷீரடிக்குப் புறப்பட்டது. விடுதலையின் எழுபத்தைந்தாம் ஆண்டையொட்டி எஞ்சின்களுக்கும் படம் போர்த்தினார்கள். எஞ்சின் தனி ஆள் என்பதால் அதன் படத்தைப் பிரிக்க யாருமில்லை. சுவிட்சர்லாந்தில் ஆர்இ 460 வகை மின் எஞ்சின்கள் 119 இருக்க, அவற்றில் விளம்பரம் பூண்டவற்றைத் தேடிப் படமெடுப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் அங்கே ஏராளம்.

ஜப்பானில் 2018 ஜூன் 30 முதல் ஷின் ஒசாகாவுக்கும் ஹக்காட்டாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ஹலோ கிட்டி புல்லட் ரயிலைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. இளஞ்சிவப்பு நாடா ஒன்று ரயிலின் நெடுக ஓடியது. அதன் எட்டுப் பெட்டிகளும் பிரியாமல் ஒரே தொகுதியாக ஓடின. எனவே அந்த நாடா அறுபடவில்லை. நம் ஊரில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் வழக்கம் இருக்கும்வரை, பெட்டிக்குப் பெட்டி தொடரும் படத்தை வரையாமல், ஒவ்வொரு பெட்டியிலும் முழுமையான ஒரு படத்தை அமைப்பதே சரி என்பது என் எண்ணம். பீகார் சம்பர்க் கிராந்தி ரயிலின் பெட்டிகளில் 2018இல் மிதிலைக் கலைஞர்கள் வரைந்த ஓவியங்கள் எனக்குப் பிடித்தமைக்குக் காரணமும் அதுவே. அந்த மீன்களையும் மரங்களையும் எந்த வரிசையில் கோத்தாலும் குறையொன்றும் தெரியாது.

ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், கண்புரை அறுவை முடிந்து பார்வை தெளிந்திருந்த அப்பத்தாவைச் சென்னையிலிருந்து அழைத்துவந்தேன். குளிர்சாதனப் பெட்டியில் சன்னலோர இருக்கையாகவே பார்த்துப் பதிவு செய்திருந்தேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சன்னலின் மேலும் வெளியே விளம்பரம் ஒட்டியிருப்பது தெரிந்தது. ஒன்வே விஷன் என்று சொல்லப்படும் துளைபோட்ட வினைல் அது. வெளியே இருப்பவருக்குப் படம் தெரியும், உள்ளே இருப்பவருக்குக் கறுப்புப் பின்புறத்தின் நுண்துளைகள் வழியே வெளியுலகம் தெரியும் என்பது அதன் ஏற்பாடு. நல்ல வெயிலில் அது ஓரளவுக்கு உண்மைதான். மதுராந்தகம் ஏரியைச் சாம்பல் நிறத்தில் பார்த்துக்கொண்டு வந்தோம். விழுப்புரத்துக்கு அப்பால் மழை பிடித்துக்கொண்டது; துளைகளில் நீர் நிறைந்து எல்லாம் கலங்கிப்போயிற்று. மழை விட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. பெட்டிக்குள் விளக்கு எரிய, வெளியே இருள, சன்னலில் எங்கள் முகங்களே தெரிந்தன.

கொள்ளிடம் பாலத்தில் சத்தம் மாறியதும் அப்பத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவே திருவரங்கத்தைக் கடக்கும்போது, 1987இல் கட்டி முடித்த அந்தப் பதின்மூன்று நிலை ராஜகோபுரத்தைப் புதுக்கண்ணால் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று எழும்பூரிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவர். கண்ணாடியில் கையை வைத்து மறைத்து எட்டிப் பார்த்தார். "மூடாக்குப் போட்ட மாதிரி இருக்கே, அப்பு. கோபுரம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் கைகாட்டிய திசையில், ஒன்றும் தெரியாத அந்தக் கறுப்பை நோக்கிக் கும்பிட்டார். கதவருகே அழைத்துப் போவதற்குள் காவிரிப் பாலம் வந்துவிட்டது.

அன்று முதல் என் குறிப்பேட்டில் ஒரு பத்தி கூடுதலாக இருக்கிறது: சன்னல் மூடியிருக்கிறதா, இல்லையா. மற்றப் பத்திகளில் தேதி, ரயில், விளம்பரம், அதன் நிலை, பெட்டி எண் ஆகியவற்றை எழுதுகிறேன். பெட்டி எண்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் பெட்டி கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும். விளம்பரம் போனாலும், வரிசை மாறினாலும், பெட்டி வேறு ரயிலுக்குப் போய்விட்டாலும், எண்ணை வைத்துக்கொண்டு அதைத் திரும்ப அடையாளம் காணலாம். நான் பார்த்தவரையில் உண்மையாகவே நன்றாக ஒட்டப்பட்ட விளம்பரங்கள் மிகச் சிலவே. சன்னலை மூடாமலும் எண்ணை மறைக்காமலும் ஒரு முழுப்படத்தைப் பெட்டிக்குள் அடக்கியவை அவை. அவற்றை மட்டும் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்.

காசுமாலைப் பெட்டிகளை மாசியிலும் பங்குனியிலும் தொடர்ந்து பார்த்தேன். பங்குனியில் வெறும் பெட்டி விலகி, மாலையின் இரண்டு பாதிகளும் நெருங்கி வந்தன. ஆனால் வரிசை தலைகீழாகி, மாலையின் முடிவு முன்னும் தொடக்கம் பின்னுமாக இருந்தன. சித்திரையில் தொலைபேசி எண் இருந்த பெட்டியைக் காணவில்லை. வைகாசி முதல் வாரத்தில் மணப்பெண்ணின் முகம் இருந்த பெட்டி உரிக்கப்பட்டு வந்தது. பசை போகாத இடங்களில் புழுதி படிந்து, சன்னல்களுக்கு இடையே அவள் தலையில் சூடியிருந்த பூச்சரத்தின் வளைவு மட்டும் பழுப்பு நிறத்தில் தெரிந்தது. பாதிக் காசுமாலையோடு ஒரு பெட்டி இன்னும் ஓடுகிறது. நேற்று இரவு அதைப் பார்த்தேன். கடைசி மூன்று காசுகள் இருந்த துண்டின் ஓரம் கிளம்பியிருந்தது. முறைப்படி அந்த ரேக் நாளை இரவு மறுபடி இங்கே வர வேண்டும். பத்து மணிக்குள் நடைமேடைக்குப் போய்விடுவேன்.